நிழலே நினைவுச் சின்னம்

தெற்கிலிருந்து திருவனந்தபுரம் வருவோர்க்கு நகரின் வாயிலாக விளங்குவது கரமனை. நாகர்கோவிலினின்று தக்கலை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக வரும் நெடுஞ்சாலை கரமனையாற்றைக் கடந்தே நகருள் புகுகின்றது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணையும்வரை இவ்வழி முழுவதும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தது. கல்வியும் வணிகமும் அரசுப் பணியும் நாடி நம் முன்னோர் பலர் நடந்தும் வண்டியேறியும் வந்தது இவ்வழியேயாம்.

அந்நாளில் வழிநடையின் வருத்தம் தீர்த்தவை மூன்று: மரநிழல், கிணறு, சுமைதாங்கி. மனிதர்க்கும் விலங்குகட்கும் நிழல்தர வழியோரத்தில் ஆலமரங்கள் நடுவித்ததை அசோகர் தம் கல்வெட்டிற் பொறித்துள்ளார். 1689 முதல் 1706 வரை பேரனுக்காக மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். தென்பாண்டி நாட்டில் மங்கம்மாள் சாலை என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. சுமைதாங்கியோ எளிய குடும்பத்தாரின் அறம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறுதற்கு நட்ட கல் அது. இறந்தோர் நினைவை இருப்போர்க்கு உதவியாக்குதலே நம்மவர் கண்ட நெறி.

இந்நூற்றாண்டில் கரமனை முதல் பிராவச்சம்பலம் வரை சாலை நான்கு வழியாக அகன்றது. பெருகிய போக்குவரத்திற்கு அது வேண்டுவதே. ஆயினும் ஊர்தியிற் செல்வோர்க்கு வேண்டாத நிழல், பேருந்துக்குக் காத்து நிற்கும் முதியோர்க்கும் பள்ளிச் சிறார்க்கும் இன்றியமையாதது. அந்நிழலை மீட்டல் நம் கடன்.

மீட்குங்கால் கருதத்தக்கன சில உள. பூவழகு ஒன்றையே எண்ணி, மடகாஸ்கரினின்று வந்த குல்மொகரை வரிசையாக நடுதல் போதாது. ஆற்றோரத்திற்கு மருதும், கடற்காற்றைத் தாங்கப் புன்னையும், இடையிடையே நாவலும் வேம்பும் ஏற்றவை. பல இனங்களைக் கலந்து நட்டால் ஒரு நோய் வரிசை முழுவதையும் அழிக்காது. அடிமரத்தைச் சுற்றிச் சிமிட்டி பூசாது மண்ணைத் திறந்துவிடல் வேண்டும். சருகை எரிக்காது மூடாக்காக இடல் வேண்டும். மழைநீரை ஓடையில் வீணாக்காது வேர்க்குழிக்குத் திருப்பல் வேண்டும். முதல் மூன்று கோடைகளிலேனும் நீர் வார்த்தல் தவறலாகாது. ஆண்டுதோறும் கன்று நடும் விழாக்கள் பல நிகழ்ந்தும் மரங்கள் சிலவே எஞ்சுதற்குக் காரணம், விழாவின் மறுநாள் நீர் வார்ப்பாரின்மையே.

பெற்றோர் நினைவாக மண்டபத்திற் படம் திறக்கின்றோம். அவர்கள் நடந்துவந்த இச்சாலையில், நெடுஞ்சாலைத் துறையின் இசைவு பெற்று, குடும்பத்திற்கு ஒரு மரமேனும் வளர்க்கும் பொறுப்பை நம் சங்கத்தார் ஏற்போமாக.