சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

எங்க விளாங்குடி பக்கம் ரேஸ் என்றால் மாட்டுவண்டிப் பந்தயம்தான். பைக் ரேஸ் என்றால் மெட்ராஸ். அது ஏன் மெட்ராஸ்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் கார், பைக் பந்தயங்களை நடத்தி வந்தது. ரேஸ் பிரியர்களுக்கு அது ஒரு திருவிழா! ஆனால் விமானம் இறங்கப் போட்ட தளத்தில் பிட், கேலரி எதுவும் ரேஸுக்கென்று கட்டியதில்லை.

கேலரி, பிட் எல்லாம் வெறும் வசதிதானே என்று கேட்கலாம். இல்லை நண்பர்களே, அது உயிர்ப் பிரச்சினை. 1955-ல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில், முன்னால் போன கார் பிட்டுக்காக வேகம் குறைக்க, பின்னால் வந்தவை மோதி, ஒரு கார் சிதறிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 80 பேருக்கும் மேல் செத்துப் போனார்கள். அங்கே பிட்டுக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் சுவரே கிடையாது. அதன் பிறகுதான் பிட்டையும் கேலரியையும் இடித்துத் திருத்திக் கட்டினார்கள்.

பைக்குக்கு இன்னும் கவனம் வேண்டும். கார் ஓட்டுபவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. பைக் ஓட்டுபவர் விழுந்தால் வெகுதூரம் சறுக்கிக்கொண்டு போவார். அதனால் வளைவுகளில் சுவரும் கேலரியும் தள்ளித்தான் இருக்க வேண்டும். அதற்கு நிறைய நிலம் வேண்டும்.

அந்த நிலத்தைக் கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கண்டது. 1990-ல் திறந்த அந்தத் தடத்தின் நீளம் 3.717 கிலோமீட்டர். பந்தயத்துக்கென்றே போட்ட பாதை, தனி பிட் வழி, நிரந்தரமான இடம். 2003-ல் கோவையிலும் ஒரு தடம் வந்தது. 1995-ல் விமான விபத்தில் இறந்த கரிவர்தனின் பெயரில், கரி மோட்டார் ஸ்பீட்வே. நம்ம மதுரைக்குப் பக்கம் அதுதான்.

அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கு நிரந்தர அரங்கம் திறந்தார்கள். பல காலம் மரக் கேலரி கட்டிப் பார்த்த ஆட்டத்துக்கே அது தேவைப்பட்டது. அப்படியிருக்க, ரிங் ரோட்டில் பைக்கை முறுக்கும் நம் பையன்களுக்கு சுவரும் ஆம்புலன்சும் உள்ள ஒரு சின்னத் தடம் இங்கேயும் வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்!