மார்க்கோஸின் நாற்காலியும் சியாட்டில் கொலைகளும்

பிலிப்பைன்ஸின் பழைய அரசியல் சட்டப்படி யாரும் தொடர்ந்து எட்டு வருடத்துக்கு மேல் ஜனாதிபதியாக இருக்க முடியாது. 1965-ல் ஜெயித்து, 1969-ல் மறுபடியும் ஜெயித்த ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் 1973 டிசம்பரில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை!

1972 செப்டம்பரில் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். பத்திரிகைகள் மூடப்பட்டன, எதிர்க்கட்சிக்காரர்கள் சிறைக்குப் போனார்கள். 1973 ஜனவரியில் ஊர் ஊராகக் கூட்டம் கூட்டி, வாக்குச்சீட்டுக்குப் பதிலாகக் கையைத் தூக்கச் சொல்லி, புதிய அரசியல் சட்டத்தை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று அறிவித்தார். துப்பாக்கி பக்கத்தில் நிற்கும்போது யார்தான் கையைத் தூக்காமல் இருப்பார்கள்? எட்டு வருடக் கணக்கு அதோடு காலி. இருபது வருடம் ஆண்டார்.

உள்ளூரில் பேச முடியாததை அமெரிக்காவில் இருந்த பிலிப்பினோக்கள் பேசினார்கள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ரவுல் மங்லாபுஸ் 1973-ல் அங்கே 'சுதந்திர பிலிப்பைன்ஸ் இயக்கம்' தொடங்கினார். வேறு குழுக்களும் சேர்ந்துகொண்டன. தூதரக வாசல்களில் ஆர்ப்பாட்டம், அமெரிக்க எம்.பி.க்களிடம் மனு. மார்க்கோஸுக்குக் கொடுக்கும் ராணுவ உதவியை நிறுத்து என்பதுதான் முக்கியமான கோரிக்கை. அவருடைய பலத்தில் பெரும்பங்கு வாஷிங்டனிலிருந்து வந்ததால், அடிக்க வேண்டிய இடம் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது.

ஆனால் கடல் தாண்டிவிட்டால் பயமில்லை என்று சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அதே தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். அப்பா, அம்மா ஊரில் இருப்பார்கள். அதற்கு மேலும் நடந்தது.

சில்மே டொமிங்கோ, ஜீன் வியர்னஸ் இருவரும் சியாட்டிலில் இருந்த ஒரு தொழிற்சங்கத்தின் நிர்வாகிகள். அலாஸ்காவில் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்குப் போகும் பிலிப்பினோ தொழிலாளர்களின் சங்கம் அது. இருவரும் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள், முப்பதைத் தொடாதவர்கள். 1981-ல் வியர்னஸ் பிலிப்பைன்ஸ் போய் அங்குள்ள தொழிலாளர் தலைவர்களைச் சந்தித்தார். பிறகு ஹொனலூலுவில் நடந்த தாய்ச்சங்க மாநாட்டில், பிலிப்பைன்ஸ் தொழிலாளர் நிலைமையை நேரில் ஆராய ஒரு குழுவை அனுப்ப வேண்டும் என்று இருவரும் தீர்மானம் நிறைவேற்ற வைத்தார்கள்.

சில வாரங்கள்தான். ஜூன் 1 அன்று சங்க அலுவலகத்திலேயே இருவரையும் சுட்டார்கள். வியர்னஸ் அங்கேயே இறந்தார். டொமிங்கோ ரத்தம் வழிய வெளியே வந்து சுட்டவர்களின் பெயரைச் சொன்னார். மறுநாள் அவரும் இறந்தார்.

சுட்டவர்கள் உள்ளூர் ரவுடிகள். சங்கத்தில் வேலைக்கு ஆள் அனுப்புவதில் நடந்த ஊழல்தான் காரணம் என்று வழக்கு முடிந்திருக்கும். குடும்பத்தாரும் நண்பர்களும் விடவில்லை. சிவில் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் நடத்தினார்கள். அதில் மாட்டியது ஒரு செலவுக் கணக்கு. மார்க்கோஸ் ஆட்கள் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய கம்பெனியின் கணக்கில், 1981 மே மாதம் 'சிறப்புப் பாதுகாப்புப் பணி' என்று 15,000 டாலர் எழுதியிருந்தது. கொலைக்கும் ஒரு தலைப்புப் போட்டுப் பற்று எழுதியிருக்கிறார்கள்!

1989 டிசம்பரில் சியாட்டில் ஜூரி மார்க்கோஸ் தரப்பே பொறுப்பு என்று சொல்லி, 1.5 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு தீர்ப்பளித்தது. அதைக் கேட்க மார்க்கோஸ் உயிரோடு இல்லை. 1986-ல் மக்கள் விரட்டிய பிறகு அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தவர், அந்த செப்டம்பரில்தான் இறந்திருந்தார். இறந்த ஊர், அந்த இரண்டு இளைஞர்கள் தீர்மானம் போட்ட அதே ஹொனலூலு.