இலோயிலோ மண்ணில் ஒரு கொழுப்புத் தொழிற்சாலை

1949இல் பிலிப்பைன்சின் இலோயிலோவில் இருந்து அபெலார்டோ அகிலார் என்ற டொக்டர் மண் மாதிரி ஒன்றை அமெரிக்காவின் எலி லில்லி கம்பனிக்கு அனுப்பினார். அந்த மண்ணில் இருந்த பற்றீரியா ஒன்றில் இருந்துதான் எரித்திரோமைசின் வந்தது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஆக்களுக்கு டொக்டர்மார் எழுதிக்குடுக்கிற அதே மருந்து. 1952இல் கம்பனி அதை இலோடைசின் எண்டு பேர் வைச்சுச் சந்தைக்கு விட்டது. பேரில் ஊர் இருக்கு, ஆள் இல்லை.

அகிலாரிடம் திரும்பி வருவோம். அதுக்கு முதல், அந்தப் பற்றீரியா செய்த வேலையைப் பாக்கவேணும்.

மனிசர் இந்த மூலக்கூறை ஆய்வுகூடத்தில் கட்டப் பட்ட பாடு கொஞ்சமில்லை. நோபல் பரிசு பெற்ற வூட்வேர்டின் குழு அதைக் கட்டி முடித்த கட்டுரை 1981இல் வெளியானது. வூட்வேர்ட் இறந்து அப்போது இரண்டு வருடம். கட்டுரையில் 49 பேரின் பெயர்கள். பற்றீரியாவோ இதை மண்ணுக்குள்ள சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. எப்படி?

பதில் 1990, 1991இல் கிடைத்தது. கேம்பிறிட்ஜில் பீற்றர் லெட்லியின் குழுவும், அபொட் கம்பனியில் லெனார்ட் காட்ஸின் குழுவும் அதற்கான ஜீன்களை வாசித்தன. உள்ளே இருந்தது எங்களுக்குத் தெரிந்த முகம்தான்: கொழுப்பமிலம் கட்டுகிற நொதியங்களின் சொந்தக்காரர்.

கலச்சுவருக்கு உள்ளே இருக்கிற மென்சவ்வுக்குக் கொழுப்பு வேணும். அதைக் கட்டும் நொதியங்கள் இரண்டு இரண்டு காபனாகச் சங்கிலியை நீட்டும். ஒவ்வொரு முறையும் ஒட்டின இடத்தை மூன்று படியில் சீராக்கும். திரும்பத் திரும்ப ஒரே வேலை. எரித்திரோமைசினுக்கோ மூன்று இராட்சதப் புரதங்கள், அவற்றில் ஆறு தரிப்பிடங்கள். சங்கிலி ஒவ்வொன்றிலும் ஒருக்கா மட்டும் நிக்கும். நாலாவது தரிப்பிடம் கொழுப்புக்குச் செய்யிற மூன்று படியையும் செய்யும். மூன்றாவது ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடும். மற்ற நாலும் முதல் படியோட நிப்பாட்டும். கடைசியில் சங்கிலி 14 அணு வளையமாக மூடும், பிறகு வேறு நொதியங்கள் சீனி ஒட்டும். புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கேல்ல. பழைய வேலையை ஆங்காங்கே பாதியில விட்டதுதான் மருந்தானது. எங்களுக்கு இதுதான் கதையின் மிகப் பிடித்த இடம்.

மனிசரும் பிறகு அதையே பின்பற்றினார்கள். 2001இல் ஸ்ரான்போர்ட்டில் சைத்தன் கோஸ்லாவின் குழு இந்த ஜீன்களை ஈ.கோலை பற்றீரியாவுக்குள் வைத்தது. கூடவே இன்னொரு பற்றீரியாவில் இருந்து உதவி நொதியம் ஒன்றையும் சேர்த்தது. ஈ.கோலை அந்த வளையத்தைக் கட்டித் தந்தது.

அகிலார் அதைக் காணவில்லை. தன் மண்ணில் இருந்து வந்த மருந்துக்கு உரிமைத்தொகை கேட்டுக்கொண்டே இருந்தவர், 1993இல் அது கிடைக்காமலே இறந்துபோனார்.