இலையையா திங்கப் போற?

ஆபீஸ்ல ஆணி குறைஞ்சிருக்கு. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே.

பொங்கலுக்குச் சின்னமனூர் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். "பயிர் கருகருன்னு இருக்கே தாத்தா, நல்லா விளையும்ல?" என்றேன். "இலையையா திங்கப் போற?"ன்னு ஒரே போடு. தேடிப் படிச்சா, ஆராய்ச்சியாளர்களே பல வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்ட கேள்வி இது.

1895-ல் வந்த முல்லைப் பெரியாறு அணையால், லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல். ஆனா தண்ணி இருந்தும், பழைய நெட்டை ரகங்களுக்கு உரம் அள்ளிப் போட முடியாது. மளமளன்னு வளர்ந்து, கதிர் பிடிக்கிற நேரத்துல சாஞ்சிடும்.

1966-ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8-ஐ வெளியிட்டது. இந்தோனேசியாவின் பீட்டாவோடு தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னைச் சேர்த்த ஒட்டு. இதன் வெற்றிக்குக் காரணம், ஒவ்வொரு இலையும் கூடுதலா ஒளிச்சேர்க்கை செஞ்சது இல்லை. தண்டு குட்டை, அதனால உரம் போட்டாலும் சாயாது. இலை நிமிர்ந்து நிக்கும், அதனால வெயில் கீழ் இலை வரை இறங்கும். முக்கியமா, செடியோட எடையில் மூணுல ஒரு பங்கா இருந்த தானியம் கிட்டத்தட்ட பாதி ஆச்சு.

1970-ல் ஆஸ்திரேலியாவில் இவான்ஸும் டன்ஸ்டோனும் கோதுமையில் பார்த்தது இன்னும் வேடிக்கை. இலையின் ஒளிச்சேர்க்கை வேகம் இன்றைய ரகங்களைவிடக் காட்டுக் கோதுமையில்தான் அதிகம்!

அப்போ இலையால பிரயோஜனமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. தானியத்தின் பங்கை முக்காலுக்கு உயர்த்த முடியாது, தண்டும் இலையும் வேணுமே. அதனால ஆராய்ச்சி மறுபடி இலைக்கே திரும்பிடுச்சு. வெயிலிலிருந்து நிழலுக்கு வந்ததும் இலை சீக்கிரம் சுதாரிக்கிற மாதிரி மரபணு மாற்றிய சோயாவில், 33 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல்னு இலினாய் பல்கலைக்கழகக் குழு 2022-ல் அறிவிச்சது. ஆனா அவங்களோட 2021 சோதனையில் பயிர் சாஞ்சதால் பலன் தெளிவாத் தெரியலை. மறுபடியும் அதே சாய்றதுதான்!

இதைத் தாத்தாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "குட்டை நெல்லு வந்து குதிரு நெறஞ்சுச்சு. வைக்கல் பத்தாம ஒரு சோடி மாட்டை வித்தேன்டா" என்றார்.

நான் படிச்ச கணக்குல அந்த மாடு எங்கேயும் இல்லை.