விழுந்த பிறகு வரும் சட்டம்

தர்மபுரி மாவட்டத்துக் கிராமத்தில் ஒருவர் ‘பையன் பெங்களூர்ல இருக்கான்’ என்று சொன்னால், உடனே ஐ.டி. கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். சென்ட்ரிங் அடிப்பவனாக இருக்கலாம், கம்பி கட்டுபவனாக இருக்கலாம். அவன் மனைவியும் அங்கேயே சித்தாளாக இருக்கலாம். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கமெல்லாம் பெரும்பாலும் மானாவாரி நிலம். மழையை நம்பி ராகியும் நிலக்கடலையும் போட்டு, அது கைவிட்ட வருஷங்களில் ஜனங்கள் வடக்கே பஸ் ஏறினார்கள். அப்படிப் போனவர்கள் சாரத்திலிருந்து விழுந்தால் அது யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

சட்டம் முதலில் கவலைப்பட்டது விழுந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி. 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையில் செத்தால் இவ்வளவு, கை போனால் இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கட்டட வேலைக்கென்றே மத்திய சட்டம் வந்தது 1996-இல்தான். நடுவில் 73 வருஷம்.

ஏன் இவ்வளவு தாமதம்? ஃபேக்டரிகளுக்கு 1881-லேயே சட்டம் வந்துவிட்டது. ஃபேக்டரி ஓரிடத்தில் நிற்கும், வாசல் இருக்கும், முதலாளி யாரென்று தெரியும். இன்ஸ்பெக்டர் அடுத்த வருஷம் வந்தாலும் அங்கேயேதான் இருக்கும். கட்டட வேலை அப்படியில்லை. வேலை முடிந்தால் வேலையிடமே காணாமல் போய்விடும். வீட்டுக்காரர், இன்ஜினியர், கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே மேஸ்திரி, மேஸ்திரிக்குக் கீழே ஊரிலிருந்து கூட்டி வந்த பத்துப் பேர். இதில் முதலாளி யார்? ஒருவன் விழுந்த அன்றைக்கு எல்லோரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தமிழ்நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. 1979-இல் தொடங்கிய தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் கேட்டது வெறும் உதவித்தொகை இல்லை. மகாராஷ்டிராவில் மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்காக 1969-இல் மாத்தாடி சட்டம் வந்திருந்தது. அதன்படி தொழிலாளி ஒரு வாரியத்தில் பதிவு செய்துகொள்வார், கூலி வாரியம் வழியாக வரும். முதலாளி பத்துப் பேராக இருந்தாலும் பொறுப்பு ஓரிடத்தில் நிற்கும். கட்டடத் தொழிலுக்கும் அந்த மாதிரி வேண்டும் என்பது கோரிக்கை. 1982-இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1985-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் தேசிய அளவிலான பிரச்சாரக் குழு உருவானது. ஆர். கீதா போன்ற தமிழ்நாட்டுச் சங்கத்தினர் அதில் முன்வரிசையில் நின்றார்கள்.

கிடைத்தது என்ன? 1994-இல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். கல்வி உதவி, திருமண உதவி, பென்ஷன், விபத்து மரண உதவி. 1996-இல் மத்தியச் சட்டமும், கட்டடச் செலவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை வசூலிக்கும் செஸ் சட்டமும் வந்தன. இவற்றைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது. எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. ஆனால் வேலையையே ஒழுங்குபடுத்து என்று கேட்டவர்களுக்கு நலத்திட்டம் கிடைத்தது. 1923-இன் புத்தி மாறவேயில்லை.

இடையில் கட்டடங்கள் விழுந்துகொண்டுதான் இருந்தன. 1983 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் கட்டிக்கொண்டிருந்த ஏழு மாடி கங்காராம் கட்டடம் சரிந்து 120 பேருக்கு மேல் செத்தார்கள். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை மழையில், சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாடு என்று பல ஊர்க்காரர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்ததை டி.வி.யில் பார்த்தது நிறையப் பேருக்கு ஞாபகமிருக்கும்.

இவை பெரிய விபத்துகள், விசாரணைக் கமிஷன் வரும். தர்மபுரிக்காரர்கள் பலர் வேலை செய்வது இரண்டு மாடி வீடுகளில். அங்கே சாவு ஒவ்வொன்றாக வரும். சவுக்குக் கழிச் சாரத்தில் கட்டிய கயிறு மக்கியிருக்கும். லிஃப்ட் குழியை மூடி வைத்த பலகையை யாரோ வேறு வேலைக்கு எடுத்துப் போயிருப்பார்கள். மொட்டை மாடியில் நீளக் கம்பியைத் திருப்பும்போது பக்கத்து மின்கம்பியில் படும். அஸ்திவாரக் குழியின் விளிம்பிலேயே தோண்டிய மண்ணைக் குவித்து வைத்திருப்பார்கள். ராத்திரி மழை பெய்தால் காலையில் குழிக்குள் இறங்குகிறவன் மேல் அது சரியும்.

எல்லாவற்றையும்விட, முட்டு. ரூஃப் போட்ட காங்கிரீட் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே பலம் ஏற நாளாகும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டை 7 நாள் கழித்துத்தான் எடுக்கலாம் என்கிறது, அதற்கு மேல் போனால் 14 நாள். 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். ஆனால் முட்டும் பலகையும் நாள் வாடகைக்கு வந்தவை. அடுத்த சைட்டில் அவை வேண்டும். முன்கூட்டிப் பிரிக்கச் சொல்வது மேஸ்திரியின் கெட்ட மனசு என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவரை அவசரப்படுத்துவது அந்த வாடகைதான். பெல்ட்டும் அப்படித்தான். ‘பெல்ட்டு மாட்டிக் கழட்டிட்டிருந்தா வேலை ஓடாதுண்ணா’ என்பவர் உயிரைப் பற்றி அறியாதவர் இல்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி எடுத்த வேலையில், மாட்டிக் கழற்றும் நேரத்துக்குக் கூலி கிடையாது.

சட்டம் இங்கே வருமா? 1996 சட்டம் பத்துப் பேருக்குக் குறைவான இடங்களையும், 10 லட்சத்துக்குள் சொந்த வீடு கட்டுபவரையும் விட்டுவிட்டது. அதன் பாதுகாப்புக் குழு 500 தொழிலாளர்கள் இருந்தால்தான். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்பில் பாதுகாப்பு அதிகாரி 250 பேருக்கு என்று இறங்கியிருக்கிறது. அது நல்லது. ஆனால் சொந்த வீட்டுக்கான விலக்கு 50 லட்சமாக ஏறிவிட்டது. பாலக்கோட்டிலிருந்து போன சென்ட்ரிங்காரர் நிற்பது பெரும்பாலும் அந்த விலக்குக்குள்தான்.

ஒரு விஷயம் மட்டும் நம் கையில் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் சிலர் அடுத்த பத்து வருஷத்தில் வீடு கட்டுவீர்கள், இல்லை அப்பா அம்மாவுக்குக் கட்டிக் கொடுப்பீர்கள். சிமென்ட் என்ன பிராண்டு, டைல்ஸ் என்ன ரேட் என்று கேட்போம். கூடவே மேஸ்திரியிடம், ‘முட்டு எத்தனாவது நாள் பிரிப்பீங்க? அதுவரைக்கும் வாடகையை நான் தர்றேன்’ என்று ஒரு வார்த்தை சொல்ல முடியும். அந்தச் சில நாள் வாடகை, 1923-லிருந்து நாம் எழுதிக்கொண்டிருக்கும் இழப்பீட்டுக் கணக்குகள் எல்லாவற்றையும்விடச் சிறிய தொகை.