ஆழ்நிலை மூளையுறைக் கட்டி அறுவை மருத்துவத்தின் வரலாறு

மூளையுறைக் கட்டி அல்லது மெனிஞ்சியோமா என்பது மூளையைச் சுற்றியுள்ள உறைகளில் தோன்றும் கட்டியாகும். இவற்றுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, மெதுவாக வளர்பவை. மூளையின் மேற்பரப்பை ஒட்டியுள்ள கட்டியை அகற்றுவது ஓரளவு எளிது. மண்டையோட்டின் அடித்தளத்தில் வளரும் கட்டியைச் சுற்றி மூளைத்தண்டு, பெரிய இரத்தக் குழாய்கள், பார்வை, கேட்டல், விழுங்குதல் ஆகியவற்றுக்கான நரம்புகள் நெருக்கமாக உள்ளன. எனவே இவ்வகைக் கட்டிகள் நெடுங்காலம் அறுவைக்கு எட்டாதவையாகக் கருதப்பட்டன.

தொடக்கக் காலம்

1879ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் வில்லியம் மெக்கீவன் என்னும் அறுவை மருத்துவர், ஒரு சிறுமியின் மூளையுறையில் இருந்த கட்டியை அகற்றினார். அச்சிறுமி அதன்பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தாள். 1880களில் உரோம் நகரில் பிரான்செஸ்கோ துரான்தே, மோப்ப உணர்வை இழந்திருந்த பெண்ணொருவரின் மூக்குக்கு மேலுள்ள மண்டையோட்டு அடித்தளத்திலிருந்து ஆப்பிள் அளவுள்ள கட்டியை எடுத்தார். எக்சு கதிர்கள் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. நோயாளியின் குறைபாடுகளைக் கொண்டே கட்டியின் இடத்தைக் கணிக்க வேண்டியிருந்தது.

குஷிங்கின் பங்களிப்பு

மெனிஞ்சியோமா என்ற பெயரை 1922இல் வழங்கியவர் அமெரிக்க மருத்துவர் ஆர்வி குஷிங். இவர் 1910இல் இராணுவத் தளபதி லெனார்ட் வுட் என்பவருக்கு அறுவை செய்தார். வுட் நலமடைந்து மீண்டும் உயர் பதவிகளில் பணியாற்றினார். ஆனால் கட்டி திரும்ப வளர்ந்தது; 1927இல் நடந்த மறு அறுவைக்குப் பின் அவர் இறந்தார். இடையில் 1926இல், வில்லியம் போவி உருவாக்கிய மின்கருவியைக் குஷிங் பயன்படுத்தத் தொடங்கியதால் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது எளிதாயிற்று. இவரும் லூயிஸ் ஐசன்ஹார்ட்டும் இணைந்து எழுதிய விரிவான நூல் 1938இல் வெளிவந்தது.

சிம்ப்சன் தரவரிசை

கட்டி ஏன் திரும்ப வளர்கிறது என்பதை 1957இல் டொனால்ட் சிம்ப்சன் ஆராய்ந்தார். கட்டியுடன் அது ஒட்டியிருந்த உறையையும் பாதிக்கப்பட்ட எலும்பையும் அகற்றியவர்களில் 9 விழுக்காட்டினருக்கே அது மீண்டும் வந்தது. கட்டியின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்களில் இது 44 விழுக்காடாக இருந்தது. முழுமையாக அகற்றுவதே குறிக்கோள் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. ஆயினும் ஆழ்நிலைக் கட்டிகளில் அந்தக் குறிக்கோளை அடைவது கடினமாக இருந்தது. அங்குச் செல்ல மூளையை ஒதுக்கிப் பிடிக்க வேண்டும்; அவ்வழுத்தமே மூளையைச் சேதப்படுத்தியது.

நுண்ணோக்கியும் எலும்பு வழியும்

1967 முதல் சூரிக் நகரில் காசி யசார்கில் அறுவை நுண்ணோக்கியைப் பயன்படுத்தி, மூளையின் இயற்கையான பிளவுகளின் வழியே ஆழத்தை அடையும் முறையை வளர்த்தார். நெற்றிப்பொட்டு அருகே எலும்பைத் திறக்கும் இவரது வழி இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

1980களில் மற்றொரு கருத்து உருப்பெற்றது. மூளையை ஒதுக்குவதற்குப் பதிலாக, வழியிலுள்ள எலும்பை அதிகமாக அகற்றினால் மூளையைத் தொந்தரவு செய்யாமல் கட்டியை அடையலாம் என்பதே அது. மூளைத்தண்டின் முன்னுள்ள கட்டிகளுக்காகக் காதைச் சூழ்ந்த கடினமான எலும்பின் வழியே செல்லும் முறையை 1988இல் ஒசாமா அல்-மெஃப்டி குழுவினர் விளக்கினர். அதே எலும்பின் முன்பகுதியைக் குடைந்து செல்லும் வழியை ஜப்பானைச் சேர்ந்த தக்கேஷி கவாசே உருவாக்கினார்.

முழுமையா, வாழ்க்கைத் தரமா?

இவ்வழிகளால் எட்டாத இடங்கள் எட்டும் இடங்களாயின. ஆனால் நரம்புகளை ஒட்டிய கடைசித் துணுக்கையும் எடுக்க முயன்றபோது முகவாதம், இரட்டைப் பார்வை, விழுங்க இயலாமை போன்ற பாதிப்புகள் சிலருக்கு நிலைத்தன. மெதுவாக வளரும் கட்டிக்காக நோயாளி இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது.

இதற்கு மாற்று வழி ஏற்கெனவே இருந்தது. சுவீடன் மருத்துவர் லார்ஸ் லெக்செல் உருவாக்கிய காமா கத்தி 1968இல் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. இது வெட்டாமல், குறிப்பிட்ட புள்ளியில் கதிர்களைக் குவித்துக் கட்டியின் வளர்ச்சியைத் தடுப்பதாகும். எனவே ஆபத்தான இடத்திலுள்ள சிறு பகுதியை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அதைக் கண்காணிப்பதும் தேவைப்பட்டால் கதிர் மருத்துவம் அளிப்பதும் ஏற்கப்பட்ட முறையாயின. பின்னர், நடுக்கோட்டில் அமைந்த சில கட்டிகளை மூக்கின் வழியே உள்நோக்கி கொண்டு அகற்றும் முறையும் வளர்ந்தது.

இன்று கட்டியின் இடம், அளவு, நோயாளியின் வயது, நரம்புகளின் நிலை ஆகியவற்றைப் பொறுத்தே அறுவை வழி தேர்ந்தெடுக்கப்படுகிறது. எவ்வளவு அகற்றுவது என்பதோடு எதை விட்டுவைப்பது என்பதும் அத்தேர்வின் பகுதியாகும்.