மொஹினேர் கோராகுலி

கொல்கத்தாவில் 1970களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாய் தொடங்கிய வங்காள ராக் இசைக்குழு. பெயருக்கு 'மொஹினின் குதிரைகள்' என்று பொருள். வங்காளக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்தது. ஏழு பேர் என்பதால் முதலில் 'சப்தர்ஷி' என்றே அழைத்துக்கொண்டார்கள்.

கௌதமுடன் இருந்தவர்கள்: அவருடைய தம்பி பிஸ்வநாத், பிரதீப் சாட்டர்ஜி, ரஞ்சன் கோஷால், தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய், வயலினுடன் ஆபிரகாம் மஜும்தார். வங்காள நாட்டுப்புற இசையான பாவுலின் மெட்டும் கிதாரும் ஒரே பாட்டில் கலந்தன. அன்றைய கேட்பவர்களுக்கு அது பிடிபடவில்லை என்பதுதான் பெரிய வருத்தம். தபேஷ் விலக, ராஜா பானர்ஜி வந்தார். மூன்று இசைத்தட்டுகளுக்குப் பின் 1981இல் குழு கலைந்தது.

1995இல் கௌதம் இளம் கலைஞர்களைக் கூட்டி, 'ஆபார் பொச்சோர் குரி போரே' தொகுப்பை வெளியிட்டார். 1999இல் அவர் மறைந்தார். அவருடைய மகன் கௌரவ் 'லக்கிசாரா' குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர்.